சமாளிப்பு எண்

கலர் சாரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் மேனேஜரின் முகம்தான் வந்து நிற்கிறது. அந்த முகத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு எழுது, இல்லன்னா பேப்பர் கிழிஞ்சிடும்" என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, லாரி ஓட்டுகிறவர், கோபம் வந்தால் ஹார்ன் அடித்துத் தீர்த்துக்கொள்வார். எனக்கு ஹார்ன் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தொன்பது வருடமாக ஸ்டிர் வெல்டிங் மெஷின் ஓட்டுகிறவள். ரயில் பெட்டிகளுக்கு அலுமினியத் தரைப் பலகை செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. வெல்டிங் என்றதும் தீப்பொறியும் கறுப்புக் கண்ணாடியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இதில் அதெல்லாம் இல்லை. இரண்டு தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்கிப் பிடித்து, சேருமிடத்தில் ஒரு டூலைச் சுழலவிட்டு இறக்குவோம். அதன் நுனியில் சுண்டுவிரலை விடச் சின்னதாக ஒரு பின் இருக்கும். அது உரசுகிற உரசலில் தகடு சூடாகி, உருகாமலேயே, பிசைந்த மாவு போல இளகும். இளகிய உலோகத்தை முன்னாலிருந்து வாரி, சுற்றிக்கொண்டுபோய், பின்னால் வைத்து அமுக்கியபடியே டூல் நகரும். சூடு போதுமானதாக இருந்தால் இடைவெளியே இல்லாமல் மூடிக்கொள்ளும். குறைந்துபோனால் மேலே பளபளவென்றுதான் இருக்கும், உள்ளே ஒரு பக்கமாகப் புழு அரித்த மாதிரி நீளமாகத் துளை ஓடும். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சூடு எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது, உலோகம் எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படமாக்குவதுதான் கலர் சாரின் வேலை. நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், ஓரத்தில் நீலம் என்று அவர் திரையில் எந்நேரமும் ஒரு படம் இருக்கும். அதனால் அந்தப் பெயர். வைத்தவள் நான்தான். அவர் காதுக்கு எட்டியபோது, "நல்லவேளை, கறுப்பு வெள்ளைன்னு வைக்கல" என்றார்.

அவருக்குக் கொடுத்திருந்த அறை, கம்ப்ரசரை ஒட்டியிருந்த பழைய ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது. கம்ப்ரசர் ஓடும்போது மேசையில் வைத்த பேனா தானாக நகர்ந்து போய்க் கீழே விழும். குனிந்து எடுத்து வைப்பார், மறுபடி விழும். "ஒரு டப்பா வாங்கி அதுல போட்டு வைங்க சார்" என்றேன் ஒரு நாள். "நல்ல யோசனை அக்கா" என்றார். கடைசிவரை வாங்கவில்லை. எங்களோடு இருந்த பதினோரு வருடமும் அவர் ஒப்பந்த ஊழியர்தான். அடுத்த வருடம் நிரந்தரம், அடுத்த வருடம் நிரந்தரம் என்று சொல்லிச் சொல்லியே மனுஷனின் பாதித் தலையை நரைக்க வைத்தார்கள். கேட்கத் தெரியாத வாயில்லாப் பூச்சி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். அரை மணி நேரம் ஆகியும் நகரவில்லை.

"என்ன சார் வேணும்?"

"ஒண்ணுமில்ல, சத்தம் கேட்டுட்டு இருக்கேன்."

"ஏன், பாட்டா பாடுது?"

"டூல்ல சூடு குறைஞ்சா சத்தம் மாறுமா அக்கா?"

நான் மெஷினை நிறுத்தியே விட்டேன். படித்தவர்கள் பத்துப் பேர் அதற்கு முன்பும் வந்து போயிருக்கிறார்கள். என்னிடம் கேள்வி கேட்டவர் இவர்தான். மாறும் என்று சொன்னேன். பிசிறும் மாறும் என்றேன். டூலின் ஓரத்தில் வழிந்து வருகிற உலோகத்தைத்தான் பிசிறு என்போம். சூடு சரியாக இருந்தால் அது நீளமாக, மிருதுவாகச் சுருண்டு வரும். குறைந்தால் வறட்டு வறட்டென்று உதிரும். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தகட்டில் சின்னச் சின்னத் துளை போட்டு வெப்பம் அளக்கும் கம்பியைச் சொருக வேண்டியிருந்தால், "உங்க மெஷின்ல கை வைக்கலாமா அக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். மெஷினை வாங்கிப் போட்ட முதலாளிகூட என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஒரு நாள் அவருடைய கணக்கில் உள்ள ஓட்டையை அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"மேல உரசி வர்ற சூட்டக் கணக்குப் போட்டுடலாம் அக்கா. தகட்டுல பரவுறதையும் போட்டுடலாம். அடியில தகட்டத் தாங்குற பேக்கிங் பிளேட் இருக்கு பாருங்க, அதுக்குள்ள எவ்வளவு எறங்குதுன்னு மட்டும் நேரா அளக்க முடியாது. தகடு அது மேல எவ்வளவு ஒட்டி உக்காந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"ஒரு எண் போட்டுக்குவோம். கம்பி காட்டுற சூடும் கணக்கு காட்டுற சூடும் ஒத்துப்போற வரைக்கும் அந்த எண்ண ஏத்தி எறக்குவோம். அதுக்குப் பெரிய பேரு ஒண்ணு இருக்கு. நாங்க எங்களுக்குள்ள சமாளிப்பு எண்ணுன்னு சொல்லிக்குவோம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "எங்க வீட்டுக்காரரும் லேட்டா வந்தா இப்படித்தான் சார், கேள்விக்கு ஏத்த மாதிரி ஒரு கணக்கு வச்சிருப்பார்" என்றேன். அவரும் சிரித்தார். எங்கள் மெஷினுக்கு அந்த எண் எப்போதும் முந்நூறுக்குப் பக்கத்தில்தான் வரும் என்று சொன்னார். அந்தப் பேச்சு அத்தோடு மறந்துபோனது.

போன வருடம் பராமரிப்புக்காக ஒரு வாரம் தொழிற்சாலையை மூடினார்கள். திறந்தபோது என் மெஷினில் புது பேக்கிங் பிளேட் இருந்தது. பழையது தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது, மாற்றியது சரிதான். ஆனால் இரண்டே நாளில் சத்தம் மாறியது. பிசிறு வறண்டது. மோட்டார் சுமை காட்டும் முள் நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குப் போனது. நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "மெஷின் புதுசா தெரியுதுன்னா நீங்க பழசாயிட்டீங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொண்டார். எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னது என் முட்டாள்தனம்.

ஒன்றரை மாதத்தில் ரயில் கம்பெனிக்காரர்கள் ஆறு பலகைகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆறிலும் உள்ளே துளை. அந்த வாரமே என் கைக்கு மெமோ வந்தது. விதித்த வேகத்தை விட வேகமாக மெஷினை ஓட்டி, அன்றைய எண்ணிக்கையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓய்வெடுக்கும் பொருட்டு உற்பத்தியைக் கெடுத்தேனாம்; என்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விளக்கம் வேண்டுமாம். ஓய்வாம்! கால் வீங்கி, வீட்டில் வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து ஓய்வு என்கிறார்கள். வேகம் கூட்டினாலும் சூடு குறையும், துளை விழும் என்பது உண்மைதான். வேகத்தைப் பதிவு செய்கிற வசதி என் பழைய மெஷினில் கிடையாது என்பதும் அந்த ஆளுக்குத் தெரியும். இந்த வகை மெஷின் இந்த ஊரில் இங்கே மட்டும்தான் இருக்கிறது. நாற்பத்தேழு வயதில் வேலையைக் கெடுத்தவள் என்ற பெயரோடு வெளியே போனால் என்னை யார் சேர்ப்பார்கள்?

மேனேஜர் ஒரு சோதனை வைத்தார். கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றுகொண்டார். விதித்த வேகத்தில், அவர் கண் முன்னால் ஒரு பலகை போட்டேன். கலர் சார் ஆறு இடத்தில் கம்பி சொருகிச் சூட்டை அளந்தார். முடிந்ததும் மேனேஜர் மார்க்கர் பேனாவால் அந்தப் பலகையின் மேல் தேதி போட்டு, "சரியான வேகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை வெட்டிப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, தேவையில்லை, கணக்கு சொல்லிவிடும் என்றார். பலகை கழிவுக் குவியலுக்குப் போனது.

மூன்று நாளில் கலர் சாரின் அறிக்கை வந்தது. ஒரே ஒரு வரிதான் முக்கியம்: விதித்த வேகத்தில் கணக்கிட்ட வெப்பமும் அளந்த வெப்பமும் ஒத்துப்போகின்றன. அதற்குக் கீழே மேனேஜர் தன் கையால் சேர்த்திருந்தார்: ஆகவே இயந்திரத்தில் குறையில்லை, குறை இயக்கியவரிடமே.

படித்தேன். நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"பதினோரு வருஷமா அக்கா, அக்கான்னு கூப்பிட்டுட்டு இப்படி முதுகுல குத்திட்டீங்களே சார், நல்லா இருக்கா?"

அவர் மிரண்டுபோய் எழுந்து நின்றார். "நான் சூடு ஒத்துப்போகுதுன்னு மட்டும்தான் அக்கா எழுதினேன். அதத்தான் கேட்டாங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுத நீங்க என்ன பரிட்சைக்கா வந்தீங்க? என் பிசிறு வறண்டு போச்சு, அது உங்க கணக்குல வந்துச்சா? சுமை ஏறிடுச்சு, அது வந்துச்சா? அந்தப் புது பிளேட் வந்த நாள்லேர்ந்து எனக்குச் சனி! பழைய பிளேட்ட ஹாய்ஸ்ட் போட்டுத் தூக்கினோம். இத ரெண்டு பேர் பலகாரத் தட்டு மாதிரி கையில ஏந்திட்டு வந்து வச்சுட்டுப் போனாங்க, அன்னைக்கே நான்..."

"இருங்க." பதினோரு வருடத்தில் என் பேச்சை அவர் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை. "கையால தூக்கினாங்களா? ரெண்டே பேரா?"

"ஆமா."

"அது இரும்புதானே?"

"மேல இரும்புதான். தினமும் துடைக்கிறேனே."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பேனா விழுந்தது. எடுக்கவில்லை. அந்த அளவுக்கு ஒரு முழு இரும்புத் தட்டு என்றால் தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் ஏந்தி வர முடியாது என்றார். மேலே மெல்லிய இரும்புத் தகடு ஒட்டி, அடியில் மொத்தமும் அலுமினியமாக இருந்தால்தான் முடியும். அலுமினியம் சூட்டை இரும்பை விடப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். நான் மேலே உரசி உரசிப் பிறப்பிக்கிற சூட்டை அது அடியிலேயே குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்தத் தடவ கணக்கும் அளவும் ஒத்துப்போகவே இல்ல அக்கா. அறுபது டிகிரி வித்தியாசம். நான் வழக்கம்போல சமாளிப்பு எண்ண ஏத்தினேன். மூவாயிரம் வரைக்கும் ஏத்தின பிறகுதான் ஒத்துப்போச்சு. முந்நூறு இருந்த எடத்துல மூவாயிரம். ஏன் பத்து மடங்காச்சுன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. ஒத்துப்போச்சுன்னு எழுதி அனுப்பிட்டேன். அந்த எண்ணு அடியில ஒரு பிளேட் இருக்குன்னு சொல்ற எண்ணு. நான் அத வெறும் திருகாணியா வச்சுத் திருகிட்டிருந்தேன்."

கத்த வந்தவளால் கத்த முடியவில்லை. ஆனாலும் கத்தினேன், அவரை அல்ல, அந்த மேனேஜரைத் திட்டி. கம்ப்ரசரையும் மீறி அது வெளியே கேட்டிருக்கும்.

அறிக்கைக்காக அவர் சூட்டை மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தார். உலோகம் ஓடுகிற கணக்குக்கு இரண்டு நாள் ஆகும் என்பதால் விட்டிருந்தார். இப்போது அதையும் ஓடவிட்டார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். சரியாக இளகாத உலோகம் டூலின் பின்னைச் சுற்றி வந்து, முழுசாக மூட முடியாமல் ஒரு பக்கம் வாய் திறந்து நின்றது. மேலிருந்து நாலு மில்லிமீட்டர் ஆழத்தில், நடுக்கோட்டுக்கு இடது பக்கம். அதைத் தாளில் அச்செடுத்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

நான் கழிவுக் குவியலில் ஏறி இறங்கி, கையைக் கிழித்துக்கொண்டு, மேனேஜர் கையெழுத்துப் போட்ட அந்தச் சோதனைப் பலகையை இழுத்து வந்து என் லாக்கருக்குப் பின்னால் வைத்தேன். உடனே வெட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. அவர் விடவில்லை. "அவங்க முன்னாடி வெட்டட்டும் அக்கா. நாம வெட்டினா நாமளே ஓட்டை போட்டோம்னு சொல்லுவாங்க" என்றார்.

விசாரணைக்கு முந்திய நாள் மேனேஜர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். நான் காபி மெஷின் பக்கத்தில் நின்றேன். கதவு பாதி திறந்துதான் இருந்தது. "உங்க காண்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது, ஞாபகம் இருக்கா? இந்தத் தடவ நிரந்தரத்துக்கு நானே எழுதலாம்னு இருக்கேன்" என்ற குரல் தேன் மாதிரி வழிந்தது. கலர் சார் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் பெண் படிக்கிறாள், மனைவி மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அவரிடம் நான் என்ன உரிமையில் கேட்பேன்?

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். மேனேஜர் அறிக்கையை வாசித்து முடித்தார். கலர் சார் எழுந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"நான் கொடுத்த அறிக்கை தப்பு. பிழை என்னுடையது. அளவோட ஒத்துப்போகணும்னு ஒரு எண்ண பத்து மடங்கு ஏத்தினேன், அதச் சொல்லாம விட்டேன். அத இப்ப எழுத்துல கொடுக்கிறேன். சரியான வேகத்துலயே, இவங்க எந்தத் தப்பும் பண்ணாமலேயே, துளை விழும். எந்த எடத்துலன்னு இந்தப் படத்துல வட்டம் போட்டிருக்கேன். சோதனைப் பலகைய வெட்டிப் பாருங்க."

"அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார் மேனேஜர் அலட்சியமாக.

"போகல சார்" என்றேன் நான். "உங்க கையெழுத்தோட பத்திரமா இருக்கு."

வெட்டினார்கள். வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். நடுக்கோட்டுக்கு இடது பக்கம், நாலு மில்லிமீட்டர் ஆழத்தில், ஒரு நெல் நுழைகிற அளவுக்குத் துளை. அப்புறம் எல்லோரும் என் மெஷினுக்கு நடந்தோம். பிளேட்டைக் கழற்றித் திருப்பிப் போடச் சொன்னார் வக்கீல். இரண்டு பேர்தான் திருப்பினார்கள். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று அலுமினியம். மாட்டிக் கழற்ற எளிதாக இருக்கும் என்று மேனேஜரே வரவழைத்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் ஜென்மத்தில் அவ்வளவு நல்ல காட்சியை நான் பார்த்ததில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

எனக்கு வந்த கடிதத்தில், "மன்னித்துப் பணியில் தொடர அனுமதிக்கப்படுகிறார்" என்று இருந்தது. மன்னிப்பா? யார் யாரை மன்னிப்பது? "குற்றமில்லை" என்று மாற்றினால்தான் கையெழுத்து என்று திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரம் இழுத்தடித்து மாற்றினார்கள். கலர் சாருக்கு வந்தது வேறு கடிதம். கணிப்பில் பிழை நேர்ந்ததை அவரே ஒப்புக்கொண்டுள்ளதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று நாலே வரி. மேனேஜர்? அவர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். நல்லா இருக்கட்டும்.

கலர் சார் வீட்டுக்குப் போனேன், ஆறுதல் சொல்ல அல்ல, சண்டை போட.

"பிளேட் அலுமினியம்னு மட்டும் சொல்லியிருக்கலாமே சார்! பிழை என்னுடையதுன்னு யார் உங்கள எழுதச் சொன்னா? அந்த ஒரு வரியப் பிடிச்சுத்தானே கழுத்த அறுத்தாங்க?"

"நானும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன் அக்கா" என்றாள் அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "நீங்களாவது கேளுங்க, என் தொண்டை வறண்டு போச்சு."

அவர் மடித்த துணிகளை நகர்த்தி எனக்கு உட்கார இடம் விட்டார். "அந்த வரி இல்லன்னா என் பழைய அறிக்கை உயிரோட இருந்திருக்கும் அக்கா. அதுலயும் என் கையெழுத்து, இதுலயும் என் கையெழுத்து. ரெண்டையும் மேசைல வச்சு, எது நிஜம்னு இழுத்தடிச்சு, நடுவுல உங்கள நிறுத்தியிருப்பாங்க. முதல்ல எழுதினத நானே கொல்லணும். வேற வழி தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் இரண்டு திட்டுத் திட்டினேன். கிளம்பும்போது, "இரும்பு பிளேட் மாட்டிட்டாங்களா? பிசிறு எப்படி வருது?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், முழ நீளத்தில், மிருதுவாகச் சுருண்டது. அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவருக்கு இதுதான் கிடைத்ததா என்று கேட்டாள்.

இப்போது அவர் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். தொழிற்சாலையை விட்டுப் போகும் முன், எந்தத் தடிமனுக்கு எந்த வேகம், எந்தச் சுழற்சி என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார். அது இன்று என் மெஷின் மேல் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில், மேனேஜரின் பெயர்.

முதல் நாளே மார்க்கரால் அதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். கலர் சார் என்று அல்ல, பெற்றவர்கள் வைத்த பெயரை, இனிஷியலோடு. மறுநாள் புதுத் தாள் ஒட்டினார்கள். அதையும் அடித்தேன். யார் செய்தது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். நான்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். இதுவரை ஒன்பது தாள் ஆகிவிட்டது. இன்று காலை பத்தாவதை ஒட்டியிருக்கிறார்கள், இந்தத் தடவை கண்ணாடிச் சட்டம் போட்டு. கண்ணாடி மேலும் மார்க்கர் எழுதுகிறது, பார்த்துவிட்டேன்.